ஏழாம் அத்தியாயம்

இது நான் பார்த்ததில்லை, கேட்டது. செல்லக்கனி எங்கள் கட்டடத்தில் மூன்றாவது மாடியில் வேலை பார்க்கிறவள். நான் ஐந்தாவது மாடி. சாப்பாட்டு நேரத்தில் மூன்று நான்கு நாளாக அவள் விட்டுவிட்டுச் சொன்னதை ஒட்டவைத்து எழுதுகிறேன். நடந்தது ஒரு வேன் பயணம், ஐம்பது நிமிஷம். அவள் மனசுக்குள் ஓடியதில் அவள் சொன்னது பாதி, இடையில் ஓட்டை விழுந்த இடங்களை நான் அடைத்தது பாதி. எங்கள் இரண்டு பேர் வீட்டிலும் எங்களுக்கு முன்னால் யாரும் கல்லூரிப் படி ஏறியதில்லை. அதனால் அடைப்பது எனக்கு அவ்வளவு சிரமமாக இல்லை.

வேளச்சேரியில் ஒன்பது ஐந்துக்கு வேன் கிளம்பியபோது அவளுக்குக் கிடைத்தது ஏசி ஒழுகும் இருக்கைதான். மூன்றாவது வரிசை, ஜன்னல் ஓரம். எட்டு நொடிக்கு ஒரு சொட்டு இடது தோளில் விழுகிறது. அவள் எண்ணிப் பார்த்தாள், எண்ணுவது இப்போது அவளுடைய தொழிலாகிவிட்டது. நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு, ஒன்பது. நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு, ஒன்பது. மடியில் இருக்கும் பையில் பிளாஸ்டிக் உறைக்குள் அந்த ஒற்றைக் காகிதம். பத்தரைக்குக் கூட்டம். அவர்கள் கம்பெனி செய்வது சின்ன வேலைதான். மீனும் மருந்தும் வைக்கிற குளிர்பதனக் கிடங்குகளில் சூடு ஏறினால் மணி அடிக்கிற மென்பொருள். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் டெல்மா என்ற பழைய நிரல்மொழியில் எழுதியது, இன்றைக்கும் அடிக்க வேண்டிய நேரத்தில் அடிக்கிறது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆல்டர் என்ற புது மொழியில் எழுத வேண்டும் என்று டீம் லீடர் சுதர்சனுக்கு ஆசை. முதலாளி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: நாளைக்கு ஒரு சிக்கல்னா கேட்க வெளியில ஆள் இருக்கா? அந்தக் கேள்விதான் உருண்டு உருண்டு வந்து செல்லக்கனியின் தலையில் விழுந்தது. இரண்டு மொழிக்காரர்களும் இணையத்தில் பேசிக்கொள்ளும் ஃபோரங்களுக்குப் போ, ஒரு மாதத்துப் பதிவுகளை எண்ணு, எது உயிரோடு இருக்கிறது என்று சொல். காலையில் சுதர்சன் குரல் செய்தி அனுப்பியிருந்தான். "கனி, பேப்பர் ரெடியா? ஒரே பக்கம். ஆல்டர் இவ்வளவு, டெல்மா இவ்வளவு. நம்பர் மட்டும் போதும்மா, கதை வேணாம்." அவள் கதையும் எழுதியிருந்தாள். ஆல்டர் வந்தால் ஆரோக்கியசாமி சாருக்கு வேலை இருக்காது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரியும், அவருக்கு டெல்மாவைத் தவிர வேறு தெரியாது. ஐம்பத்துநாலு வயசில் புதிதாக எதைக் கற்பது. டெல்மாவே இருக்கட்டும் என்று அவள் சொன்னால் சுதர்சனுக்கு ஆகாது. முப்பதாம் தேதி அவளை நிரந்தரமாக்கும் தாளில் கையெழுத்துப் போட வேண்டியவன் அவன். சொட்டு. முதல் வரிசையில், டிரைவருக்குப் பின்னால், மடியில் சாப்பாட்டுப் பையைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு ஆரோக்கியசாமி சார் தூங்குகிறார். பின்மண்டை மட்டும் தெரிகிறது. எண்ணெய் தடவிப் படிய வாரிய, யாரையும் எதுவும் கேட்காத பின்மண்டை.

ஆல்டரின் நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பதிவுகளில் அறுநூற்றுப் பதினொன்று ஒரே தகராறு. ஆல்டரின் சின்னம் ஒரு இலை. அந்த இலைக்கு நரம்பு ஐந்தா ஏழா. அவள் ஒன்றுவிடாமல் வாசித்தாள், மூக்கைப் பிடித்துக்கொண்டு சாக்கடையைப் பார்க்கிற மாதிரி, ஆனால் பார்த்தாள். ஒருவன் இரண்டு நாளாகத் தூங்கவில்லையாம், இலையை நினைத்து. இன்னொருவன் இனி இந்த ஃபோரத்துக்கே வரமாட்டேன் என்று மூன்று பக்கத்துக்கு விடைபெற்றுவிட்டு மூன்றாம் நாள் வந்து நிற்கிறான். பந்தியிலிருந்து கோபித்துக்கொண்டு எழுந்து போனவன் கை கழுவுகிற இடம்வரைக்கும் போய்த் திரும்பிப் பார்க்கிற மாதிரி. உண்மையான சிக்கல் ஒன்று, நினைவகம் கசிகிறது என்று யாரோ பாவப்பட்டவன் கேட்டது, அதற்கு நாலே பதில். இலைக்கு அறுநூறு. ஏனென்றால் கசிவுக்குப் பதில் சொல்ல விஷயம் தெரிந்திருக்க வேண்டும், இலைக்கு வாய் இருந்தால் போதும். இவர்களையா உயிரோடு இருக்கிறார்கள் என்று எழுதுவது? வேலை இருக்கிறவன் பேசுவானா? புது பைக் வாங்கினவன்தான் டீக்கடையில் நின்று மைலேஜ் சொல்லிக்கொண்டிருப்பான். பால் கேனைக் கட்டிக்கொண்டு போகிறவன் சைக்கிளைப் பற்றி ஒரு வார்த்தை பேசி யாராவது கேட்டதுண்டா? ஆல்டரை எவனும் சம்பளத்துக்கு எழுதவில்லை, ஆசைக்கு எழுதுகிறான். ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டவனுக்குத்தான் ஊர் முழுக்க நியாயம் சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டில் பார்த்துக் கட்டிவைத்தவன் சத்தமில்லாமல் குடும்பம் நடத்துகிறான். டெல்மாக்காரர்கள் கட்டிவைக்கப்பட்டவர்கள். அலுவலகம் கொடுத்தது, எழுதினார்கள், அது ஓடுகிறது, ஆறு மணிக்கு வீட்டுக்குப் போகிறார்கள். இதைக் கூட்டத்தில் சொல்ல முடியுமா, கல்யாணக் கதையை? சுதர்சன் சிரிப்பான். அவன் சிரித்தால் மற்ற நாலு பேரும் சிரிப்பார்கள், அது அங்கே ஒரு மரியாதை. ஆல்டரின் கையேடு வேறு பாதிதான் எழுதியிருக்கிறது, பாக்கியைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், பேசாமல் என்ன செய்வார்கள். ஆக பேச்சு அதிகம் என்றால் குழப்பம் அதிகம், இது நல்ல வாக்கியம், இது காகிதத்தில் இருக்கிறது, இரண்டாவது பத்தி. அப்புறம் அந்த வரவேற்பு. முதல் தடவை பதிவு போடுகிற ஒவ்வொருவருக்கும் பச்சை இலைப் படம், வாருங்கள் வாருங்கள், தப்பாக இருந்தாலும் கேளுங்கள், முட்டாள் கேள்வி என்று ஒன்று கிடையவே கிடையாது என்று பெரிய எழுத்தில். ஜவுளிக்கடை வாசலில் பன்னீர் தெளிக்கிற பொம்மை மாதிரி. கிடையாதாம். உண்டு என்று அவளுக்குத் தெரியும். அவளே ஒன்று கேட்டிருக்கிறாள். சொட்டு.

வேன் பள்ளிக்கரணை தாண்டி நின்றுவிட்டது. "என்னண்ணே, நகரவே மாட்டேங்குது?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். "மெட்ரோக்காரன் தோண்டிட்டான்மா. இனிமே நம்மள கிரேன் வெச்சித் தூக்கித்தான் ஆபீஸ்ல எறக்கணும்," என்றார் டிரைவர் மோகன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை, சிரிக்க மறந்துபோனதைக் கவனித்துப் பிறகு தனியாகப் புன்னகை செய்தாள், ஜன்னலைப் பார்த்து. வெளியே தண்ணீர் லாரி ஒன்று பக்கத்தில் ஒட்டி நிற்கிறது, அடியில் சொட்டுகிறது, அதுவும் எட்டு நொடியா? அப்பா இங்கே இருந்தால் சொல்வார். சாத்தூர் பக்கம் அவர்கள் ஊரில் அப்பாதான் தண்ணீர் திறந்துவிடுகிறவர், பஞ்சாயத்து வேலை, இடுப்புயர இரும்புச் சாவி, தெருவுக்கு ஒரு வால்வு. திறந்துவிட்டு வந்து திண்டில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொள்வார். "தண்ணி வந்துட்டுன்னா எவனும் வாயத் தொறக்க மாட்டான் பாத்துக்க தாயி. வரலன்னாத்தான் நம்ம அப்பன் ஆத்தாள இழுப்பான்." சத்தம் வரவில்லை என்றால் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. இருபத்துநாலு வருஷம் அந்த ஒரு வாக்கியத்தில் அவர் வேலை பார்த்தார். செல்லக்கனியின் காகிதத்தின் மூன்றாவது பத்தி அந்த வாக்கியம்தான், இங்கிலீஷ் சட்டை போட்டுக்கொண்டு. டெல்மாவின் அமைதி என்பது அது வேலை செய்கிறது என்பதன் அடையாளம். எழுதி முடித்தபோது சந்தோஷமாக இருந்தது. அப்பாவுக்கு ஃபோன் போட்டுச் சொல்லலாமா என்றுகூட இருந்தது. என்னவென்று சொல்வது. அப்பா, ஒன்பது பதிவுதான்ப்பா. அப்பா, ஒரு சார் வேலை தப்பிச்சிரும்ப்பா. மேட்டுத் தெருவிலிருந்து ஒரு பொம்பளையும் ஒருநாளும் சண்டைக்கு வந்ததில்லை. இது ஏன் இப்போது ஞாபகம் வருகிறது. அப்பா சொல்வார், அவங்களுக்கு வந்துருதுபோல. எட்டாவது படிக்கும்போது ஒருதரம் அவர் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து மேட்டுத் தெருவுக்குப் போனாள், எதற்கு என்று ஞாபகமில்லை. அங்கே தெருக்குழாயின் வாயில் குளவி கூடு கட்டியிருந்தது. மண் கூடு, காய்ந்து, கல் மாதிரி. எத்தனை மாசம் தண்ணீர் வராமல் இருந்தால் குளவிக்கு அந்தத் தைரியம் வரும்? அப்பா பார்த்தார், சைக்கிளைத் திருப்பினார். வேண்டாம். இதைக் காகிதத்தில் எழுதவில்லை, எழுதவும் தேவையில்லை, கேட்டது எண்.

எண் சரியா? திரும்பவும் பார். அவள் அப்படித்தான், பூட்டிய கதவை மூன்று தரம் இழுத்துப் பார்த்தால்தான் படி இறங்குவாள். ஃபோனில் டெல்மாவின் ஃபோரத்தைத் திறந்தாள். இந்த மாதம்: பத்து. ஒன்பதுதானே இருந்தது. நேரம் பார்த்தால் ஒன்பது முப்பத்தொன்று, இப்போதுதான், இந்த நெரிசலில் நிற்கும்போதுதான் யாரோ போட்டிருக்கிறார்கள். பெயர் வம்புய், ஊர் நைரோபி. பெரிய கோப்பு ஒன்றைப் படிக்கச் சொன்னால் நிரல் பாதியில் நின்றுவிடுகிறது, பிழை என்றுகூட எதுவும் காட்டுவதில்லை, என்ன செய்வது, நான் மாணவி, இங்கிலீஷுக்கு மன்னிக்கவும். செல்லக்கனிக்குக் காது சூடாகிவிட்டது. இது அவளுடைய கேள்வி. வார்த்தைகூட அதே வார்த்தை, மன்னிக்கவும் உட்பட. ஆறு வருஷத்துக்கு முன்னால், இரண்டாம் வருஷம், கல்லூரி ஆய்வுக்கூடத்தில், ஒரு மணி நேரம் எழுதி அழித்து எழுதி, கனி என்ற பெயரில் போட்டாள். ஏழே நிமிஷத்தில் பதில். கீப்பர்71 என்றொரு ஆள், அந்த ஃபோரத்தின் காவலர். "கையேடு, ஏழாம் அத்தியாயம். கேட்பதற்கு முன் படிக்கவும். மூடப்பட்டது." அதற்குக் கீழே ஒரு பூட்டுப் படம். பக்கத்து நாற்காலிக்காரி எட்டிப் பார்த்துக் களுக்கென்று சிரித்தாள். அன்றைக்கு ராத்திரி ஏழாம் அத்தியாயத்தை நாலு தரம் படித்தாள், முப்பத்துநாலு பக்கம், ஒன்றும் பிடிபடவில்லை. பதில் அதில்தான் இருக்கிறது, பெரியவர் சொல்லியிருக்கிறார், தன் மண்டையில்தான் ஏறவில்லை. வீட்டில் படித்த ஆள் இருந்தால் ஏறியிருக்குமோ என்னவோ. கடைசியில் பன்னிரண்டு நாள் தட்டுத்தடுமாறி வேறு எப்படியோ ஓடவைத்தாள், ஏன் ஓடியது என்று இன்றுவரை தெரியாது. அதற்குப் பிறகு எந்த ஃபோரத்திலும் ஒரு எழுத்து எழுதியதில்லை. வாசிப்பாள். ஆறு வருஷமாக எல்லாச் சண்டையையும் வாசிக்கிறாள், வாசித்து, சீ என்கிறாள். அந்த கீப்பர்71 அவள் மனசில் ஒரு வெள்ளைக்காரர். நார்வே மாதிரி பனி கொட்டும் ஊர், வெள்ளைத் தாடி, கணப்புப் பக்கத்தில் பூனை.

முதல் வரிசையில் ஆரோக்கியசாமி சார் விழித்துக்கொண்டார். ஃபோன் ஏதோ சிணுங்கியிருக்கிறது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஃபோனை மூக்கு நுனிக்குக் கொண்டுவந்து, வலது ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு எழுத்தாகக் குத்தினார், உளுந்தில் கல் பொறுக்குகிற மாதிரி. குத்திவிட்டு ஃபோனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். செல்லக்கனியின் கையிலிருந்த ஃபோனில் பத்து, பதினொன்று ஆனது. "கையேடு, ஏழாம் அத்தியாயம். கேட்பதற்கு முன் படிக்கவும். மூடப்பட்டது." பூட்டு. ஒன்பது முப்பத்தெட்டு. ஏழு நிமிஷம். சொட்டு. தற்செயலாக இருக்கும். உலகத்தில் எத்தனை பேர் இந்த நிமிஷம் ஃபோனில் எழுதுகிறார்கள். அவள் பழைய ஒன்பதையும் திறந்தாள், ஒவ்வொன்றாக, முதல் தடவையாக. ஆல்டரின் அறுநூற்றுப் பதினொன்றை வரி விடாமல் வாசித்தவள் இந்த ஒன்பதைத் திறக்கவே இல்லை. எண்ணியது அவள் எழுதிய நிரல், அவள் கண் அல்ல. திறந்தால் அந்தப் பூட்டு இருக்கும் என்று தெரிந்துதான் திறக்கவில்லையோ. இருந்தது. நாலு கேள்வி, நாலு பூட்டு, சனிக்கிழமை பராமரிப்புக்காகத் தளம் இயங்காது என்ற அறிவிப்பு ஒன்று. கேட்ட நாலு பேரும் அதற்குப் பிறகு வரவில்லை. அமைதி. வேலை நடக்கிறது என்பதன் அடையாளம். குழாய் வாயில் மண் கூடு.

எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, முதல் வரிசைக்குப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னம்மா, ஏசி ஒழுகுதா? அந்த சீட்ல உக்காராதன்னு நேத்தே சொல்லணும்னு நெனச்சேன், மறந்துட்டேன்."

"கீப்பர்71 நீங்களா சார்?"

அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அவள் அலுவலகத்தில் பார்த்ததில்லை. "பாத்துட்டியா? அங்கல்லாம் வருவியா நீ? பன்னெண்டு வருஷமா நான்தாம்மா பாத்துக்கறேன். சம்பளம் கிம்பளம்லாம் கெடையாது. ஒரு சண்ட இருக்கா பாரு. ஒரு குப்ப இருக்கா பாரு. நம்ம சுதர்சன் கொண்டாடறானே அந்த ஆல்டர், அங்க போய்ப் பாரு, சந்தைக்கட." பெயரைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அந்தப் பொண்ணுக்கு ஒரு வரி சொல்லியிருக்கலாமே சார்."

"சொல்லலாம். நாளைக்கு இன்னொண்ணு கேக்கும். நாளன்னிக்கு அதோட ஃப்ரெண்டு வருவான். எனக்கு யாரும்மா சொன்னா? பாரீஸ் கார்னர்ல ஜெராக்ஸ் போட்டு எடுத்துனு வந்தேன், எழுநூறு பக்கம். இன்னும் வீட்ல இருக்கு. மனப்பாடம். எந்தக் கேள்வி எந்த அத்தியாயம்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன்."

"நானும் கேட்டேன் சார். ஆறு வருஷத்துக்கு முன்னாடி. காலேஜ் படிக்கறப்ப."

"அப்பிடியா? என்ன கேட்ட?"

"இதேதான்."

"ஏழாம் அத்தியாயம்," என்றார் உடனே, சந்தோஷமாக. "படிச்சியா?"

"படிச்சேன் சார்."

"அப்புறம் என்ன? கையில ஊட்டிவிட்டிருந்தா இன்னிக்கு இங்க வந்து உக்காந்துருப்பியா?" அவள் முதுகில் லேசாகத் தட்டினார். தட்டிய கையில் ஈரம் பட்டது. "ஐயய்யோ, நல்லா நனைஞ்சிருக்கியேம்மா."

இவரைக் காப்பாற்றத்தான் அந்தக் காகிதம். மூன்று நாள் எழுதியது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். அழுகையாக இருந்தாலும் இருக்கும். இலைக்கு நரம்பு எண்ணுகிற பயல்கள் மேலா, பூட்டோடு உட்கார்ந்திருக்கிற இவர் மேலா? அந்தப் பயல்களும் கோமாளிகள்தான், சந்தேகமில்லை, ஆனால் நைரோபிக்காரி அங்கே கேட்டிருந்தால் ஒரு கோமாளி இலைப் படம் போட்டு, வாங்க என்று சொல்லி, நாலு தப்பான பதிலுக்கு நடுவில் ஒரு சரியான பதிலையும் சொல்லியிருப்பான். தப்பாகப் பேசினால் அடி விழாத இடத்தில்தான் பேச்சு பெருகுகிறது. அதில் முக்கால்வாசி உளறல், பெருகத்தான் செய்யும். இவ்வளவுதானா விஷயம்? இதைக் கண்டுபிடிக்க நாலாயிரம் பதிவை எண்ண வேண்டுமா? அப்படியென்றால் ஆறு வருஷமாக அவள் சீ என்று சொல்லிக்கொண்டிருந்தது யாரை? அங்கே போய் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்கப் பயந்து, பயத்துக்குக் கேவலம் என்று பெயர் வைத்து, அதையே இப்போது ஒரு பக்கத்தில் அச்சடித்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறாள். உண்மையைச் சொன்னால் இந்தச் சாப்பாட்டுப் பை வீட்டுக்குப் போகும். சொல்லாவிட்டால் முப்பதாம் தேதிக்குப் பிறகும், அதற்கு அடுத்த முப்பதாம் தேதிக்குப் பிறகும், அந்தக் காகிதம் அவளுடையது. வேன் நாவலூர் திரும்பியது. பேனா எடுத்தாள். மூன்றாவது பத்தியைக் குறுக்காக அடித்தாள். ஓரத்தில் எழுதினாள், வேன் குலுங்கியதில் கோணலாக: டெல்மா, பதினொன்று. கேள்வி ஐந்து. பதில் சொல்லாமல் மூடியவை ஐந்து. இந்த அமைதியை வைத்து என்னால் எதுவும் சொல்ல முடியவில்லை. பக்கத்தில் ஆரோக்கியசாமி சார் எட்டிப் பார்க்கவில்லை. அவர் அடுத்தவர் தாளை எட்டிப் பார்க்கிறவர் இல்லை. "மீட்டிங் எத்தன மணிக்கு?" என்று மட்டும் கேட்டார். "பத்தரை சார்." "என்ன மொழின்னு இன்னிக்கே முடிவு பண்ணிடுவானா?" அவள் தெரியாது என்றாள். தெரியாதுதான்.

கூட்டத்தில் அவள் எழுதியதை அப்படியே வாசித்தாளாம். இலைச் சண்டையையும் விடவில்லை. இரண்டு பக்கத்தையும் ஒரே மூச்சில் திட்டியதில் அவள் யார் பக்கம் என்று சுதர்சனுக்குப் புரியவில்லை. அவளை நிரந்தரமாக்குவதை மூன்று மாதம் தள்ளிவைத்தான். புது வேலைகள் ஆல்டரில் என்று முடிவானது. பழைய மென்பொருளை நிறுத்த யாருக்கும் தைரியம் வராததால் ஆரோக்கியசாமி சார் இன்னும் முதல் வரிசையில்தான் வருகிறார்.

இதில் ஒன்றை மட்டும் நான் சரிபார்த்தேன். டெல்மாவின் கையேடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இறக்கி, ஏழாம் அத்தியாயத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை இரண்டு தரம் படித்தேன். முப்பத்துநாலு பக்கம், அவள் சொன்ன கணக்கு சரி. அது முழுக்க அச்சுப்பொறியில் பக்கம் அமைப்பதைப் பற்றியது. பெரிய கோப்புகளைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. முன்னுரையில் ஒரு குறிப்பு இருக்கிறது: இரண்டாம் பதிப்பில் ஏழாவதாக இருந்த கோப்புகள் பற்றிய பகுதி, மூன்றாம் பதிப்பில் ஒன்பதாம் அத்தியாயத்துக்கு மாற்றப்பட்டது. மூன்றாம் பதிப்பு வெளிவந்து பதினோரு வருஷம் ஆகிறது.